பெயிண்ட் உரிஞ்சு வருது, பூச்சு தப்பா பட்டி தப்பா? பெயிண்டருக்கும் எனக்கும் வம்பாயிருச்சு, எப்படி முடிக்கறதுங்க

பல்லடத்தான்:

வணக்கமுங்க எல்லாருக்கும். நான் பல்லடம் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கற வேலை பண்றேனுங்க, பதினாலு வருசமாச்சு, பெரிய கம்பெனியெல்லாம் இல்லீங்க, நானும் ரெண்டு மேஸ்திரியும் ஒரு பத்துப் பன்னண்டு ஆளுகளும் தான். இத்தனை வருசத்துல பணம் பாக்கி, வீட்டுக்காரரோட வாய்த்தகராறு எல்லாம் பார்த்தாச்சு, ஆனா கூடவே வேலை செய்யற ஆளோட வம்புன்னு ஒன்னு வந்ததே இல்லை, இப்ப வந்து ரெண்டு வாரமா ராத்திரி தூக்கமே வரமாட்டீங்குது, அதுக்கோசரம் தான் இங்க கேக்கறேன்.

விசயம் என்னன்னா, 1,600 சதுர அடி, கீழயும் மேலயுமா ஒரு வீடு, மெட்டீரியலோட முழு கான்ட்ராக்ட் என்னோடது. பெயிண்டிங் மட்டும் நான் எப்பவும் வெளிய தான் கொடுப்பேன், எட்டு வருசமா ஒரே பெயிண்டர், சாமான் நம்மளது, ஆளுக அவரோடது, உள்பக்கம் பூச்சு மேல இழுக்கற பட்டி மாவு ரெண்டு கோட்டிங், அதுக்கு மேல பிரைமர் (அடிக் கோட்டிங்) ஒன்னு, எமல்ஷன் (மேல் பெயிண்ட்) ரெண்டு, சதுர அடி 14 ரூபான்னு பேச்சு. அளந்ததுல 5,600 சதுர அடி, 78,400 ரூபா வந்துச்சு, 50,000 கொடுத்தாச்சு, 28,400 பாக்கி. எதையும் எழுதி வெக்கலீங்க, எட்டு வருசத்துல ஒரு தடவை கூட எழுதினதில்லை, அவர் சொன்னா நான் கேப்பேன் நான் சொன்னா அவர் கேப்பார்.

பூச்சு வேலை ஆனி 25 வாக்குல முடிஞ்சுது. ஆடி 5ல பட்டி ஆரம்பிச்சுட்டாங்க, ஏன்னா ஆவணி மொத முகூர்த்தத்துல வீட்டுக்காரருக்குப் புது வீட்டுப் புண்ணியார்ச்சனை, ஒறம்பரைக்கெல்லாம் பத்திரிகை கொடுத்தாச்சு. வேலை முடிஞ்சப்ப செவுரு கண்ணாடியாட்டம் இருந்துச்சுங்க, வந்தவங்க எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. ஐப்பசி மழை முடிஞ்சு கார்த்திகைல போன் வருது. போய்ப் பார்த்தா கீழ ஆசாரத்துல (ஹால்ல) மேக்குச் செவுரு தரையில இருந்து மூணடி உயரத்துக்குப் பொக்கு பொக்கா எந்திரிச்சு, உடைஞ்ச எடத்துல பஞ்சாட்டம் வெள்ளையா உப்பு பூத்துக் கெடக்குது. மேல படுக்கை ரூம்ல வேற மாதிரி, அங்க உப்பு ஒன்னும் இல்லை, வீட்டுக்காரம்மா காலண்டர் மாட்டறதுக்கு ஒட்டியிருந்த டேப்பை இழுத்திருக்காங்க, டேப்போட ஒட்டுக்கா ஒரு தோசை அகலத்துக்குப் பெயிண்ட் உரிஞ்சு வந்துருச்சு.

வீட்டுக்காரர் எனக்குத் தர வேண்டிய 1,20,000ஐ நிறுத்திட்டார். நான் பெயிண்டரோட 28,400ஐ நிறுத்திட்டேன். அவர் சொல்றார், உங்க பூச்சு பச்சையா இருந்துச்சு, சப்பத் தண்ணில (உப்புத் தண்ணில) பூசியிருக்கீங்க, நான் என்ன பண்ணுவேன்னு. நான் சொல்றேன், பூச்சு தப்புன்னா பூச்சு தான வரோணும், பெயிண்ட் மட்டும் எப்படி உரியுதுன்னு. போன வாரம் வீட்டுக்காரர் முன்னாடியே ரெண்டு பேரும் சத்தம் போட்டுட்டோம், அவர் இனி உங்க வேலைக்கே வரலீங்கன்னு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டார்.

இப்ப வேற ஆளை வெச்சு சரி பண்ணி அந்தச் செலவை இவரு பாக்கில கழிச்சுக்கலாமா, இல்ல கேஸு அது இதுன்னு போகோணுமா, மொதல்ல யாரு தப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


கோபி பெயிண்டர்:

அண்ணா, நான் கோபிங்க, 22 வருசமா பெயிண்டிங் தான். உங்க பெயிண்டருக்குச் சாதகமா பேசறேன்னு நினைச்சுக்க வேண்டாம், தப்பு இருந்தா தப்புன்னு தான் சொல்லுவேன்.

மொதல்ல அந்த உரிஞ்ச துண்டு இருக்குதுங்களா? கூட்டித் தள்ளிப்போடாதீங்க, பூராத்துக்கும் அதுதான் சாட்சி. எடுத்துத் திருப்பி முதுகுப் பக்கம் பாருங்க. முதுகு வழுவழுன்னு சுத்தமா இருந்து, செவுத்துல பிரைமர் அப்படியே நின்னா, எமல்ஷன் மட்டும் தான் பிடிக்கலைன்னு அர்த்தம், உப்புத்தாள் போட்ட தூசிய தொடைக்காம அடிச்சிருப்பாங்க, இல்ல பிரைமர் காயறதுக்கு முந்தி அடிச்சிருப்பாங்க. முதுகுல வெள்ளை மாவு அப்பியிருந்து, செவுத்துல விரலை வெச்சுத் தேச்சா துன்னூறு மாதிரி கையில வந்தா, பட்டி செட் ஆகலை. சாம்பக் கலர்ல மணல் ஒட்டிட்டு வந்தா பூச்சே விட்டுருச்சு, அது உங்க மேஸ்திரி கணக்கு. கீழ ஒரு துண்டு, மேல ஒரு துண்டு, ரெண்டையும் தனித்தனியா பாருங்க, ரெண்டும் ஒரே வியாதி இல்லைன்னு நீங்க எழுதினதுலயே தெரியுது.

இன்னொன்னு சொல்றேன், நம்ம பக்கம் வேலை செய்யற பெயிண்டருக நிறையப் பேருக்கு இது தெரியறதில்லை. இப்ப வர்ற வெள்ளைப் பட்டி வெள்ளை சிமெண்டுல செஞ்சது, அதுவும் சிமெண்டு தான், அது இறுகறதுக்குத் தண்ணி வேணும். செவுத்தை நனைக்காம காஞ்ச செவுத்துல இழுத்தா பட்டில இருக்கற தண்ணிய செவுரு உறிஞ்சிக்கும், பட்டி வெறும் மாவா நின்னுரும். அதுலயும் நீங்க சொல்றது ஆடி மாசம், பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும், காத்தாலையெல்லாம் சும்மாவா அங்க நட்டு வெச்சிருக்கறாங்க, கதவு ஜன்னல் மாட்டாத மச்சுல அந்தக் காத்து ஒரு மணி நேரத்துல செவுத்தை அப்பளமா காய வெச்சுரும். கலக்குன பட்டிய ரெண்டு மூணு மணி நேரத்துல முடிக்கோணும், சாப்பாட்டுக்குப் போயிட்டு வந்து இறுகிப் போனதுல மறுபடியும் தண்ணி ஊத்திக் கலக்கினா அதுல சத்தே இருக்காது. பசங்க இதைத் தான் செய்யறாங்க, நான் எத்தனையோ தடவை வாளியைப் பிடுங்கிக் கொட்டியிருக்கேன்.

ஆனா கீழ உப்பு பூத்திருக்கறது பட்டியால வர்றதில்லீங்க, அது செவுத்துக்குள்ள இருந்து வர்றது. அதுக்குப் பெயிண்டரைப் பிடிச்சா அநியாயம்.

கடைசியா ஒன்னு, அந்த 28,400ல பாதிக்கு மேல ஆளுக கூலி. சனிக்கிழமை பொழுதோட ஆளுக கையை நீட்டிட்டு நிக்கறப்ப கான்ட்ராக்டர் தரலைன்னு சொல்ல முடியாது, அவர் வட்டிக்கு வாங்கிக் கொடுத்திருப்பார். கோவத்துல அவர் வண்டிய எடுத்துட்டுப் போனது அதுக்குத் தான் இருக்கும்.


திருப்பூர் வீட்டம்மா:

நான் கான்ட்ராக்டரும் இல்லை பெயிண்டரும் இல்லீங்கண்ணா, வீடு கட்டி இதே மாதிரி மாட்டினவ. எங்க வீட்டுல இப்படித்தான் இவரு அவரைச் சொல்ல அவரு இவரைச் சொல்ல ஒரு வருசம் போச்சு, ரெண்டு பேரும் போனை எடுக்கறதில்லை, குழந்தை படுக்கற ரூம்ல செவுத்துல இருந்து மாவு கொட்டிட்டே இருந்துச்சு, தினம் காலைல மெத்தையைத் தட்டறது தான் என் வேலை. உங்க வீட்டுக்காரருக்கு யாரு தப்புன்னு தெரிய வேண்டியதே இல்லீங்க, அவருக்குத் தெரிய வேண்டியது எப்ப சரியாகும், அவ்வளவு தான். நீங்க நாளைக்கே போய், இந்தத் தேதிக்குள்ள நான் முடிச்சுத் தர்றேன்னு ஒரு தேதியைச் சொல்லுங்க, மத்ததை அப்பறம் உங்களுக்குள்ள பேசிக்கங்க. எங்களுக்கு யாராவது ஒருத்தர் அப்படிச் சொல்லியிருந்தா நிறுத்தி வெச்ச பணத்தை அன்னிக்கே கொடுத்திருப்போம்.


கோவை சிவில்:

கோபி அண்ணன் சொன்ன முதுகு பாக்கற டெஸ்ட் தான் மொதல் டெஸ்ட், அதை முடிச்சுட்டு இதையும் பண்ணுங்க, காசு செலவே இல்லை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் ஷீட் ஒன்னு, நாலு பக்கமும் காத்துப் போகாம டேப் போட்டு செவுத்துல ஒட்டி, குறைஞ்சது 16 மணி நேரம் விடுங்க, ராத்திரி ஒட்டினா அடுத்த நாள் மத்தியானம் பாக்கலாம். ஷீட்டோட உள்பக்கம் முத்து முத்தா தண்ணி கோத்திருந்தா செவுரு இன்னும் ஓதம் விட்டுட்டு இருக்குதுன்னு அர்த்தம். கீழ ரெண்டு எடம், மேல ரெண்டு எடம் ஒட்டுங்க. அந்த வெள்ளைப் பூப்பைக் கொஞ்சம் சுரண்டித் தண்ணில போடுங்க, கரைஞ்சு போச்சுன்னா உப்பு, கலங்கி மாவா அடியில நின்னா பெரும்பாலும் பட்டி மாவு.

ஓதம்னு தெரிஞ்சா எங்கிருந்து வருதுன்னு பாக்கணும். மேக்குச் செவுருன்னு சொல்றீங்க, வெளிய அந்த எடத்துல என்ன இருக்குது? நான் பார்த்த பாதிக் கேஸுல வீட்டுக்காரங்க குடி வந்ததுக்கப்பறம் செவுத்தை ஒட்டி செம்மண்ணைக் கொட்டிப் பூச்செடி வெச்சிருப்பாங்க. பேஸ்மட்டத்துல ஈரம் மேல ஏறாம தடுக்க நாம போடற டிபிசி, மண்ணு மட்டத்துல இருந்து அரை அடியாவது மேல நிக்கணும், மண்ணு அதைத் தாண்டி ஏறிருச்சுன்னா டிபிசி இருந்தும் பிரயோஜனம் இல்லை, ஈரம் அதுக்கு மேல நேரா செவுத்துக்குள்ள போயிரும். போய் ஒரு தடவை வெளிய சுத்திப் பாருங்க.

தண்ணி விசயத்துல பெயிண்டர் சொல்றதைத் தள்ளிவிட வேண்டாம். ஐஎஸ் 456ங்கற கான்கிரீட் கோட்ல, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்குக் கலக்கற தண்ணில குளோரைடு உப்பு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரைக்கும், கம்பி இருந்தா 500 வரைக்கும்னு இருக்குது, நிறையப் பேரு அதைக் காட்டி எங்க தண்ணி பாஸுங்கன்னு சொல்லுவாங்க. ஆனா அது பலத்துக்கும் கம்பி துருப்பிடிக்காம இருக்கறதுக்கும் போட்ட கணக்கு, பெயிண்டுக்குப் போட்ட கணக்கு இல்லை. உப்பு வெளிய பூக்கறதுக்கு அவ்வளவெல்லாம் தேவையே இல்லை, அதுல ஓதமும் சேர்ந்துச்சுன்னா தண்ணி காயறப்ப உப்பைக் கொண்டாந்து மேல வெச்சுட்டுப் போயிரும். செங்கல்லுலயும் உப்பு இருக்கலாம், 2021ல கோவை தடாகம் செங்கல் சூளைகளை மூடினதுக்கப்பறம் நாமெல்லாம் எங்கெங்கிருந்தோ கல்லு இறக்கறோம், ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு மாதிரி. ஒரு கல்லை ஒரு இஞ்சு தண்ணில செங்குத்தா நிறுத்தி, தண்ணி வத்தினதுக்கப்பறம் பார்த்தா தெரிஞ்சுரும்.

ஆனி 25ல முடிச்சு ஆடி 5ல பட்டின்னா 12 நாள். புதுப் பூச்சை 28 நாளாவது காய விடணும்ங்கறது உங்களுக்குத் தெரியாதது இல்லை. அந்தத் தேதிய முடிவு பண்ணினது யாருங்க?


அவிநாசி பெயிண்ட் கடை:

பக்கெட் இருக்குதுங்களா அண்ணா? காலி பக்கெட்டைப் பெயிண்டர் தான் எடுத்துட்டுப் போயிருப்பார், தண்ணி பிடிக்கறதுக்கு. மூடில பேட்ச் நம்பரும் தயாரிச்ச தேதியும் இருக்கும். வாங்கின கடையில பில்லும் பேட்ச் நம்பரும் கொடுத்தா கம்பெனில இருந்து ஆளு வந்து செவுத்தைப் பார்த்துட்டுப் போவாங்க, ஈரம் பாக்கற மீட்டர் கொண்டாருவாங்க. ஒன்னு மட்டும் சொல்லிடறேன், அவங்க வந்தா பெரும்பாலும் சாமான்ல குறை இல்லைன்னு தான் சொல்லுவாங்க, அது முக்கால்வாசி நேரம் உண்மையும் கூட, ஆனா உங்களுக்கும் பெயிண்டருக்கும் நடுவுல மூணாவது ஆளு ஒருத்தர் பார்த்த மாதிரி ஆகுது, அது நல்லது. பக்கத்து வீட்டுக்கும் அதே பேட்ச் போயிருந்தா அங்க எப்படி இருக்குதுன்னும் பாருங்க.


வக்கீல் திருப்பூர்:

சட்டப் பக்கம் நான் சொல்றேன். உங்க விசயத்துல ரெண்டு ஒப்பந்தம் இருக்குது, ஒன்னா போட்டுக் குழப்பிக்காதீங்க.

வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் உள்ளது ஒன்னு. அவருக்குப் பெயிண்டர் யாருன்னே தெரிய வேண்டியதில்லை, பதில் சொல்ல வேண்டியது நீங்க மட்டும் தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல சேவைக் குறைபாடுன்னு மாவட்ட ஆணையத்துக்குப் போனா அவர் உங்க மேல தான் போவார், கொடுத்த தொகை 50 லட்சம் வரைக்கும் மாவட்டத்துலயே முடியும், பிரச்சினை வந்ததுல இருந்து 2 வருசம் அவருக்கு டைம் இருக்குது. அதனால அந்தத் திருப்பூர் அம்மா சொன்ன மாதிரி அவர்கிட்ட எழுத்துல ஒரு தேதியைக் கொடுத்துருங்க.

பெயிண்டருக்கும் உங்களுக்கும் உள்ளது இன்னொன்னு. இதுல நீங்க நுகர்வோர் ஆக மாட்டீங்க, தொழிலுக்காக வேலை வாங்கினீங்க, அதனால 1872 ஒப்பந்தச் சட்டம் தான். எழுதலைன்னாலும் வாய்ப் பேச்சு ஒப்பந்தம் செல்லும். 73வது பிரிவுப்படி அவர் குறையால உங்களுக்கு நேரடியா வந்த நஷ்டத்தைத் தான் கேக்க முடியும், அதையும் நியாயமான செலவுல சரி பண்ண என்ன முயற்சி எடுத்தீங்கன்னு கோர்ட் பாக்கும். அதே மாதிரி அவர் கூலி பாக்கிக்கு உங்க மேல 3 வருசத்துக்குள்ள கேஸ் போடலாம்.

வேற ஆளை வெச்சு சரி பண்ணிக் கழிக்கறது தப்பில்லை, ஆனா இன்னிக்கே பண்ணினீங்கன்னா மாட்டிக்குவீங்க. மொதல்ல அவருக்கு வாட்ஸ்அப்பிலயாவது எழுதுங்க, இன்ன எடத்துல இன்ன குறை, இத்தனை நாளுக்குள்ள வந்து பாருங்க, சரி பண்ணிக் கொடுங்கன்னு. அவர் வரலைன்னா போட்டோ, வீடியோ, ரெண்டு பேருகிட்ட கொட்டேஷன், அப்பறம் தான் செவுத்துல கை வெக்கணும். சுரண்டித் தள்ளிட்டா சாட்சி போச்சு, அப்பறம் அவர் சொல்றதை மறுக்க உங்ககிட்ட ஒன்னும் இருக்காது. வாட்ஸ்அப்பை அழிக்காதீங்க, போனை மாத்தாதீங்க, 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைல இருக்கற பாரதிய சாட்சிய சட்டத்துல 63வது பிரிவுப்படி சான்றிதழோட கொடுத்தா அது ஆவணமா செல்லும்.

சிலர் ஸ்டேஷன்ல போய் ஏமாத்திட்டான்னு புகார் கொடுன்னு யோசனை சொல்லுவாங்க, கேக்காதீங்க, இது சிவில் விசயம். பேசி முடியலைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல கேஸ் போடறதுக்கு முந்தியே மனு கொடுத்து லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றத்துக்கு) கொண்டு போகலாம், கட்டணம் இல்லை, அங்க முடிஞ்சா 1987 சட்டப்படி அது கோர்ட் டிகிரிக்குச் சமம், மேல அப்பீலும் கிடையாது. முப்பதாயிரம் ரூபாய்க்கு அஞ்சு வருசம் கோர்ட்டுக்கு நடக்க வேண்டாம்.

இப்ப எனக்கு ஒரு கேள்வி, கோவை இன்ஜினியர் கேட்டதை ஒட்டினது தான். செவுரு ஈரமா இருக்குதுன்னு பெயிண்டர் வேலை ஆரம்பிக்கறதுக்கு முந்தி உங்ககிட்ட சொன்னாரா? சொல்லியும் நீங்க பரவால்ல ஆரம்பின்னு சொல்லியிருந்தா மொத்தக் கணக்கும் மாறும்.


பல்லடத்தான்:

எல்லாரும் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியிருக்கீங்க, ரொம்ப நன்றிங்க. வக்கீல் சார் கேட்டதுக்கு உண்மையைச் சொல்லிப்போடறேன், மொத பதிவுலயே எழுதியிருக்கோணும், எழுதலை, மன்னிக்கோணும்.

நேத்து ராத்திரி உக்காந்து வாட்ஸ்அப்ல பழசெல்லாம் பார்த்தேன். ஆடி 4ஆம் தேதி அவர்கிட்ட இருந்து 11 செகண்ட் வாய்ஸ் ஒன்னு இருக்குதுங்க. "அண்ணா, கீழ மேக்குச் செவுரு கையை வெச்சா சில்லுனு இருக்குதுங்க, ஒரு பத்துப் பாஞ்சு நாள் விட்டுட்டு ஆரம்பிக்கலாங்களா." அதுக்குக் கீழ நான் டைப் பண்ணியிருக்கேன், முகூர்த்தம் வெச்சாச்சு, நாளைக்கே ஆள் எறக்குன்னு. எனக்கு அது சுத்தமா நினைவுல இல்லை, வீட்டுக்காரர் தினம் நாலு போன் பண்ணிட்டு இருந்த நேரம் அது, ஆனா நினைவில்லைன்னு சொல்லி என்னங்க, எழுதினது நான் தான.

துண்டையும் திருப்பிப் பார்த்துட்டேன். கீழது முதுகுல மணலும் உப்புமா இருக்குது, விரல்ல எடுத்துத் தண்ணில போட்டேன், கரைஞ்சு போச்சு. மேல ரூம்ல எடுத்தது முதுகெல்லாம் வெள்ளை மாவு, செவுத்துல விரலை வெச்சா அப்படியே துன்னூறு தான், கோபி அண்ணன் சொன்ன மாதிரியே. ஷீட்டும் ஒட்டினேன், மேல ரெண்டு எடத்துலயும் பொட்டுத் தண்ணி இல்லை, கீழ காலைல பார்க்கறப்பவே ஷீட்டுல தண்ணி கோத்துச் சொட்டுச் சொட்டா எறங்கிட்டு இருந்துச்சு. வெளிய போய்ப் பார்த்தா இன்ஜினியர் சார் சொன்னது தாங்க, செவுத்தை ஒட்டி ரெண்டடி அகலத்துக்குச் செம்மண்ணு, அதுல செம்பருத்தியும் நந்தியாவட்டையும், மண்ணு பேஸ்மட்டத்தைத் தாண்டி ஒரு ஜாண் மேல நிக்குது, பொடக்காலி பைப்புல இருந்து ஓஸைப் போட்டு தினம் ரெண்டு நேரம் தண்ணி விடறாங்க. சைட்டு போர் தண்ணில கரைஞ்ச உப்பைப் பாக்கற டிடிஎஸ் மீட்டரை விட்டேன், 2,400 காட்டுச்சு, எங்க வீட்டு நல்ல தண்ணி 150 தான். அந்த போர் தண்ணில தான் பூசினோம், கியூரிங்கும் அதே தான்.

இதையெல்லாம் வெச்சுட்டு நான் எப்படிங்க அவர்கிட்ட பேசறது. மேல ரூம் அவர் தப்பு, கீழ என் தப்பும் மண்ணும். எதுல இருந்து ஆரம்பிக்கறது?


கோபி பெயிண்டர்:

வாய்ஸை நீங்களே அவர்கிட்டப் போட்டுக் காட்டுங்கண்ணா. அவர் போன்லயும் அது இருக்கும், அவர் எடுத்துக் காட்டறது வேற, நீங்க எடுத்துக் காட்டறது வேற. போன்ல பேச வேண்டாம், வீட்டுக்கே போங்க. கீழ செவுரு உங்க மேல தப்பு இல்லைன்னு மொத வார்த்தையா சொல்லிட்டு, அப்பறம் மேல ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஒன்னும் சொல்ல வேண்டாம், செவுத்துல கையை வெக்கச் சொல்லுங்க போதும். பெயிண்டருக்குக் கைக்குத் தெரியும்.

பணத்தை எடத்து வாரியா பிரிங்க, மொத்தமா இத்தனை சதவீதம்னு பேசினா மறுபடியும் சண்டை தான் வரும். எந்தச் செவுரு யாரு தப்போ அந்தச் செவுரு மட்டும் அவங்க கணக்கு, மீதிச் செவுரு பூரா நல்லா நிக்குதே, அதுக்குக் கூலி கொடுக்காம இருக்க எந்த நியாயமும் இல்லை.


வக்கீல் திருப்பூர்:

பேசி முடிச்சதை ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்னு வெச்சுக்கங்க. எந்தச் செவுரு, எத்தனை சதுர அடி, கூலி யாரு, சாமான் யாரு, பாக்கி எந்தத் தேதிக்கு எவ்வளவு, மறுபடியும் உரிஞ்சா எத்தனை மாசம் வரைக்கும் வந்து பாக்கணும், இவ்வளவும் இருக்கணும். நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம் இல்லை, ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேருக்கும் நினைவு ஒரே மாதிரி இருக்காது, ஆடி 4 வாய்ஸை நீங்களே மறந்திருந்தீங்க.


பல்லடத்தான்:

பத்து நாள் கழிச்சு வர்றேனுங்க, முடிஞ்சுருச்சு, அதைச் சொல்லோணும்னு தான்.

போன ஞாயித்துக்கிழமை பொழுதோட அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் தான் வாங்கண்ணான்னு கூப்பிட்டாங்க, அவர் திண்ணைல உக்காந்து எந்திரிக்கவே இல்லை. நான் வாய்ஸைப் போட்டேன். முழுசாக் கேட்டுட்டு, இதை நான் அன்னிக்கே வீட்டுக்காரர் முன்னாடி சொல்லியிருப்பேனுங்க, உங்களுக்கு அசிங்கம் ஆயிரும்னு தான் சொல்லலைன்னார். எனக்கு அதுக்கு மேல பேச்சு வரலீங்க. காப்பி வந்துச்சு, குடிச்சோம்.

திங்கக்கிழமை வெள்ளெனவே சைட்டுக்கு வந்தார். மேல ரூம்ல செவுத்துல கட்டை விரலை வெச்சு மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு இழுப்பு இழுத்தார், விரல் பூரா வெள்ளை. ஜன்னலையும் பார்த்தார், விரலையும் பார்த்தார், அப்பறம் தான் சொன்னார், அந்த வாரம் அவங்க மாமனார் ஆஸ்பத்திரில, இவர் மூணு நாள் சைட்டுக்கே வரலையாம், பசங்க தான் இழுத்திருக்காங்க, என்ற பசங்க நனைக்காம இழுத்துப்போட்டானுகங்கன்னு அவரே சொன்னார். நான் ஒரு வார்த்தை எச்சா பேசலை.

பிரிச்சது இப்படிங்க. மேல 420 சதுர அடி, சுரண்டி, நனைச்சு, பட்டி, பிரைமர், எமல்ஷன் பூராவும் கூலி அவரோடது, சாமான் என்னோடது, ஒரு மூட்டை பட்டி, நாலு லிட்டர் பிரைமர், எட்டு லிட்டர் எமல்ஷன். சாமானும் அவர்கிட்டக் கேக்கலாம்னு என் மேஸ்திரி சொன்னார், 12 நாள்ல ஆள் எறக்குன்னு விரட்டினது நான், அதுல பாதி எனக்கும் உண்டு, கேக்கலை. கீழ 180 சதுர அடி பூச்சைக் கொத்தி எடுத்து நல்ல தண்ணி டேங்கர் விட்டு மறுபடி பூசறது பூராவும் என் செலவு, அந்தச் செவுத்துக்கு அவர் மறுபடியும் அடிக்கறதுக்குச் சதுர அடி 14 வீதம் 2,520 தனியா கூலி. பழைய பாக்கில 15,000 அன்னிக்கே கையில கொடுத்துட்டேன், மேல ரூம் முடிஞ்ச அன்னிக்கு 13,400. அவிநாசி கடைக்காரர் சொன்ன மாதிரி கம்பெனி ஆளும் வந்து மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுப் போனார், சாமான்ல குறை இல்லைன்னு தான் சொன்னார். எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு, ஒரு வருசத்துக்குள்ள மேல ரூம் உரிஞ்சா வந்து பாக்கறேன்னு அவரே தன் கையால ஒரு வரி சேர்த்து எழுதினார்.

வீட்டுக்காரர்கிட்ட மண்ணு விசயம் சொல்றதுக்குத் தான் பயந்தேன், செடி வெச்சது அந்தம்மா. ஷீட்டுல தண்ணி கோத்த போட்டோவைக் காட்டி, வெளிய மண்ணு மட்டத்தையும் டேப் வெச்சு அளந்து காட்டினேன், அந்தம்மாவே செம்பருத்தியைத் தொட்டிக்கு மாத்திக்கறேன்னுட்டாங்க. நிறுத்தி வெச்சதுல 80,000 கொடுத்துட்டார், 40,000 கீழ செவுரு முடிஞ்சதும்.

கீழ பூசி முடிச்சு இன்னிக்கு ஆறாவது நாள். வீட்டுக்காரர் பொங்கலுக்குள்ள பெயிண்ட் அடிச்சுருங்கன்னு கேக்கறார். என்ன பண்ணலாங்க?


கோபி பெயிண்டர்:

வேண்டாங்கண்ணா, பொங்கலுக்குச் செவுரு வெறும் பூச்சாவே இருக்கட்டும். தை முழுக்க விடுங்க, மாசி கடைசில வெயில் ஏறினதுக்கப்பறம் மறுபடியும் ஷீட் ஒட்டிப் பாருங்க, சொட்டு இல்லைன்னா தான் பட்டி. அதுக்குள்ள லேசா உப்பு பூத்தா தண்ணி போட்டுக் கழுவாதீங்க, காஞ்ச பிரஷ்ஷுல தட்டித் தட்டி எடுத்துருங்க, கழுவினா உப்பு மறுபடியும் உள்ள தான் போகும்.


பல்லடத்தான்:

சரிங்க. வீட்டுக்காரர்கிட்ட மாசின்னு எழுதிக் கொடுத்துட்டேன். கேட்டுட்டு ஒரு நிமிசம் பேசாம இருந்தார், அப்பறம் சோபாவை நகர்த்தி அந்தச் செவுத்துக்கு முன்னாடி போட்டுக்கறோம்னார். செவுத்துல சாய்க்காதீங்க, ஒரு அடி விட்டுப் போடுங்க, காத்துப் போகோணும்னு பெயிண்டரே சொல்லிட்டுப் போயிருக்கார்.